தாத்தாவின் தகரப் பெட்டி



வாராவாரம் இந்தப் பகுதியில் சம்பளம், வீடு, தண்ணீர், மருத்துவ விடுப்பு என்று தொழில் விவகாரமாகவே எழுதி வருகிறோம். இந்த வாரம் அதையெல்லாம் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் தாத்தாவைப் பற்றி எழுத உங்களிடம் அனுமதி கேட்கிறோம். இதென்ன வீட்டுக் கதை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் அது நம் எல்லாருடைய வீட்டுக்கும் வந்து சேரும்.

சென்ற மாதம் ஒரு தோட்டத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தோம். 19 வருடம் வேலை செய்தவர். தோட்டம் கைமாறுகிறது என்று கேள்விப்பட்டுக் கலங்கிப் போயிருந்தார். "சம்பளச் சீட்டெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டோம். "அடுப்பு பத்த வச்சிட்டேன் தம்பி. மாசா மாசம் வர்ற துண்டுக் காயிதம்தானே, அதுல என்ன இருக்கு?" என்றார். நாம் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தாத்தா ஞாபகம்தான். அவர் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "காயிதத்தைக் கொளுத்தாதே ஆத்தா. அது உன் வேர்வை" என்று சொல்லியிருப்பார்.

கப்பலில் வந்த பெட்டி

தாத்தா பிறந்தது நாமக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "பெரிய மழை பெஞ்ச வருசம்" என்று அவர் தாயார் சொல்வாராம். 1926 என்பது பின்னாளில் ஒரு கிராணி முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட கணக்கு.

1937ல் கங்காணி ஒருவர் ஊருக்கு வந்து ஆள் கட்டினார். தாத்தாவின் தகப்பனார், தாயார், 11 வயதான தாத்தா, 6 வயதுத் தம்பி, கைக்குழந்தையாக ஒரு தங்கச்சி, ஆக ஐந்து உருப்படிகள். நாகப்பட்டினத்து டிப்போவில் சில நாள். பிறகு ரஜூலா கப்பலில் மேல்தளத்துப் பயணம். அடுத்த ஆண்டே, அதாவது 1938 ஜூனில், இந்திய அரசாங்கம் இப்படிச் செலவு கொடுத்து மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆகவே கங்காணி கூட்டி வந்த கடைசிக் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று.

அவர்கள் கொண்டு வந்த சொத்து ஒரே ஒரு தகரப் பெட்டி. பச்சைச் சாயம் பூசி, மூடியில் ரோசாப்பூ வரைந்த பெட்டி. உள்ளே இரண்டு சேலை, ஒரு வேட்டி, குலதெய்வத்துத் திருநீறு, கொஞ்சம் புளி. அவ்வளவுதான்.

வந்து சேர்ந்த இடம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தகப்பனாருக்கு மரம் சீவுகிற வேலை, தாயாருக்குப் புல்லு வெட்டு. தாத்தா சின்னாள் கணக்கில் களை பிடுங்கப் போனார். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து, அந்தச் சைக்கிள் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்டார்கள் என்பதை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். காசு மட்டும் கேட்கவில்லை, மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள்.

சயாமுக்குப் போனவர்

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. கடையில் வாழைமரம் போட்ட நோட்டு, அதற்கும் சாமான் கிடையாது.

1943ல் ஒரு நாள் தோட்டத்துக்கு லோரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி ஆட்களைப் பிடித்தார்கள். பெயர் கூப்பிட்டவர்களில் தாத்தாவின் தகப்பனாரும் ஒருவர். அவர் தகரப் பெட்டியைத் தூக்கியிருக்கிறார். தாயார்தான், "மூணு மாசத்துக்கு எதுக்குப் பொட்டி? இங்கேயே கெடக்கட்டும்" என்று சொல்லி ஒரு துண்டில் வேட்டியும் சட்டையும் கட்டிக் கொடுத்திருக்கிறார். மனுசன் லோரியில் ஏறினார். பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். சயாமில் காஞ்சனபுரியில் போரில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆளுக்கொரு கல், கல்லில் பெயர், பட்டாளத்து நம்பர் எல்லாம் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் சொல்ல ஒரு கல் வைக்கப்படவில்லை. காட்டுக்குள் குழி வெட்டிக் கூட்டமாகப் புதைத்தார்கள்.

எங்கள் பாட்டனார் திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் சேதி வரவில்லை. ஒரு காகிதம் கிடையாது, சாட்சி சொல்ல ஆளும் கிடையாது. அதனால் அவர் மனைவி, அதாவது தாத்தாவின் தாயார், 1972ல் கண்ணை மூடும் வரைக்கும் பொட்டு அழிக்கவில்லை. "அவரு சாகலேடா, வழி தெரியாம எங்கேயோ இருக்காரு" என்பாராம். சாயங்காலம் ஆனால் லயத்து வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பாராம். 29 வருடம் அப்படிப் பார்த்திருக்கிறார்.

தாத்தாவுக்கு அப்போது 17 வயது. வீட்டில் தாயார், தம்பி, இரண்டு தங்கச்சிகள். சின்னத் தங்கச்சி 1940ல் தோட்டத்தில் பிறந்தவள், மூன்று வயது. அன்று அவர் எடுத்த காண்டா வாளியை 1981 வரைக்கும் கீழே வைக்கவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து, தோட்டம் திறந்து, மறுபடியும் பெரட்டு மணி அடித்தபோது, 19 வயதில் அவர் குடும்பத் தலைவராக நின்று பெயர் கொடுத்தார். மூத்த தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்த பிறகுதான், 1954ல், 28 வயதில், எங்கள் பாட்டியைக் கட்டினார். சின்னத் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க ஐந்து வருடம் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கவில்லை என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

முதல் காகிதம்

தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். கைநாட்டு. ஆனால் காகிதத்தின் அருமை அவருக்குத் தெரிந்த மாதிரி படித்தவர்களுக்குக்கூடத் தெரியாது. அப்பா போன இடம் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாததுதான் என்று அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

1948ல் அவசரகாலம் பிறந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகளைப் பிடிப்பதற்காக அரசாங்கம் கொடுத்த கார்டுதான். சோதனைச் சாவடியில் காட்டாவிட்டால் அடி விழும் என்று எல்லாரும் பயந்து வாங்கினார்கள். தாத்தா மட்டும் சந்தோசமாக வாங்கினாராம். போட்டோ ஒட்டிய கார்டு! அவர் பெயரில் உலகத்தில் உண்டான முதல் காகிதம் அதுதான். பெயரைக் கிராணி தப்பாகத்தான் எழுதியிருந்தார். அதனால் என்ன? "நான் ஒருத்தன் இருக்கேன்னு அதுல எழுதியிருக்குடா" என்பார்.

அன்றிலிருந்து தகரப் பெட்டிக்கு வேலை வந்தது. சேலையும் வேட்டியும் வெளியே போயின. அடையாளக் கார்டு, 1951ல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்த பிறகு கிடைத்த சேமநிதிச் சீட்டுகள், 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு கட்டிய சந்தா ரசீதுகள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அம்மை குத்திய சீட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு உட்பட எல்லாம் உள்ளே போயின. வீட்டில் ஆளுக்கு ஓர் உறை. கறையான் ஏறாமல் பெட்டிக்கடியில் நாலு செங்கல், உள்ளே அந்து உருண்டை. போகியன்று ஊரெல்லாம் பழையதைக் கொளுத்தும். தாத்தா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பாயில் பரப்பி வெயில் காட்டுவார். நாங்கள் பேரப்பிள்ளைகள் நாலு பக்கமும் உட்கார்ந்து காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைக்க வேண்டும். அதுதான் எங்களுக்குப் போகி.

தம்பி போன கதை

தாத்தா தப்பே செய்யாத மகான் என்று நாம் எழுத வரவில்லை. அவரே தம் தப்பு என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்த ஒன்று உண்டு.

1957ல் நாடு சுதந்திரம் பெற்றது. குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்து சொன்னார்கள், பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். தாத்தா முதல் ஆளாகப் போய்க் கைநாட்டு வைத்தார். தம்பி அப்போது வேறு தோட்டத்தில் கொந்திராக்கு வேலையில் இருந்தார். அவரைக் கூட்டிவர வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை கெடும். "இந்த வாட்டி போகட்டும், அடுத்த வாட்டி வரட்டும்" என்று தாத்தா விட்டுவிட்டார். தம்பியும், "இன்னும் நாலு வருசத்துல ஊருக்குத் திரும்பப்போறேன், எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றிருந்தார். நாலு வருடம் பன்னிரண்டு வருடம் ஆனது. கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகளும் ஆகிவிட்டன. கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு.

1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும். 1969ல் அது அமலுக்கு வந்தபோது தோட்டங்களில் எத்தனை வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்டது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முப்பது வருடம் இந்த மண்ணில் பால் எடுத்த கைகளுக்கு வேலை இல்லை என்றார்கள். ஆயிரமாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். 1970ல் தாத்தாவின் தம்பியும் மனைவி மக்களோடு கப்பலேறினார். அதே ரஜூலா. ஆறு வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவர், 39 வயதில் அண்ணனை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஒரு நாள் கூலியைப் பார்த்தேன். தம்பியை இழந்தேன்" என்று தாத்தா சொல்வார். அந்தக் கூலி எவ்வளவு என்று எங்களிடம் சொன்னதே இல்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊரிலிருந்து வந்த நீல நிறக் கடிதங்கள் அத்தனையும் தம்பி பெயர் போட்ட உறையில் இருந்தன. 1996ல் நாங்கள் எல்லாரும் பணம் போட்டு அவரை விமானத்தில் ஊருக்கு அனுப்பினோம். 26 வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். அங்கே பதினைந்து நாளும் இருவரும் ஒரே பாயில்தான் படுத்தார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "என்னத்தைப் பேசறது? அவன் தூங்கறதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கைநாட்டு கையெழுத்தானது

1981ல் தாத்தாவுக்கு 55 வயது ஆகி வேலை முடிந்தது. நாம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது 1987ல். அப்பா பட்டணத்துக்கு லோரி ஓட்டப் போய்விட்டார், அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு எங்களைக் கொண்டு விடுவது தாத்தாதான். முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என்று மூன்று பேரப்பிள்ளைகளைச் சுமந்த சைக்கிள். எதிரே மானேஜர் கார் வந்தால், "இறங்கிடுங்க தாத்தா" என்போம் பயந்துபோய். "எதுக்குடா இறங்கணும்? அதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சு" என்று இன்னும் வேகமாக மிதிப்பார்.

முதலாம் வகுப்பில் முதல் தவணைத் தேர்ச்சி அட்டை கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா ஊரில் இல்லை, அம்மா கையில் பால் கறை. தாத்தாவிடம் நீட்டினோம். பெருவிரலில் மை தடவப் போனவர் நின்றுவிட்டார். "வாத்தியார் பாக்கற அட்டையில கைநாட்டு வேணாம்டா. எம்பேரை எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடு" என்றார். சிலேட்டில் எழுதிக் காட்டினோம். 61 வயது மனுசன், உளி பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரலால், ராத்திரி பத்து மணி வரைக்கும் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதி எழுதி அழித்தார். காலையில் தேர்ச்சி அட்டையில் அவர் பெயர் கோணல்மாணலாக ஏறியிருந்தது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. வாத்தியார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அட்டையைத் தடவிக் கொடுத்தார். அந்த அட்டையும் பெட்டியில்தான் இருக்கிறது.

அதன் பிறகு உறைகளின் மேல் பெயர் எழுதுகிற வேலை நமக்கு வந்தது. தாத்தா சொல்லச் சொல்ல எழுதுவோம். எழுதி முடித்ததும் இன்னோர் உறையை எடுத்து, "இதுல எங்கப்பா பேரை எழுது" என்றார். எழுதினோம். "உள்ள என்ன தாத்தா வைக்கறது?" என்று கேட்டோம். "ஒண்ணும் இல்லே. வச்சிரு" என்றார்.

பெட்டி பேசிய நாள்

இனித்தான் உங்களுக்கு முக்கியமான சங்கதி.

ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். தோட்டம் 1984ல் ஒரு தடவை, 1991ல் ஒரு தடவை கைமாறியது. ஆட்கள் மாறவில்லை, லயம் மாறவில்லை, பெரட்டுக் களம்கூட மாறவில்லை. மேலே போர்டு மட்டும் மாறியது. 1998ல் வீடமைப்புக்கு நிலம் விற்றாகிவிட்டது, அக்டோபரோடு எல்லாருக்கும் வேலை நிறுத்தம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

வேலை நீக்க நட்டஈட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். எங்கள் அம்மா வேலைக்குச் சேர்ந்தது 1976 மார்ச். 22 வருடத்துக்கு மேல். ஆபீசில் போட்ட கணக்கோ 1991லிருந்து! "அதுக்கு முந்தி இருந்தது வேற கம்பெனி, எங்ககிட்ட ரெக்கார்டு இல்லே" என்றார்கள். வருடத்துக்கு 20 நாள் என்று 22 வருடத்துக்குப் போட்டால் 440 நாள் சம்பளம். அவர்கள் சொன்ன 7 வருடத்துக்கு 140 நாள். 300 நாள் சம்பளம் காற்றில் போய்விடும்.

தோட்டம் கைமாறும்போது புது முதலாளி அதே வேலையைக் குறைவில்லாத நிபந்தனையில் தொடர்ந்து கொடுத்தால், பழைய சேவையும் சேர்ந்தே வரும் என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. சட்டம் நம் பக்கம்தான். ஆனால் பழைய சேவை உண்டு என்பதற்கு அத்தாட்சி எங்கே? லயத்தில் முக்கால்வாசிப் பேர் கையை விரித்தார்கள். அம்மா அழுதுகொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

தாத்தாவுக்கு அப்போது 72 வயது. எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் திறந்து அம்மா பெயர் போட்ட உறையை எடுத்து வந்தார். உறை என்று சொல்கிறோம், உண்மையில் அது ஒரு மாவு மூட்டைப் பை. 1976 மார்ச் மாதச் சம்பளச் சீட்டு மேலே இருந்தது. புது மருமகளாக வந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று, "சீட்டை இங்கே குடு ஆத்தா" என்று அவர் வாங்கி வைத்தது. அதற்குக் கீழே 22 வருடம், மாதம் தவறாமல்.

"மாமா!" என்று அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "எந்திரி ஆத்தா, இது உன் வேர்வை. நான் காவல்தானே இருந்தேன்" என்றார் தாத்தா.

தொழிலாளர் இலாகாவில் விசாரணை நடந்தது. அந்தச் சீட்டுகளை மேசைமேல் வைத்தபோது எதிர்த்தரப்புக்குப் பேச வழியில்லை. அம்மாவுக்கு முழுச் சேவைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தையும் அம்மாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் சீவியவர்கள். அத்தையிடம் ஒரு சீட்டும் இல்லை. சங்கத்துக்காரர்கள் அலைந்து, சேமநிதி வாரியத்தில் அத்தை பெயரில் எந்தெந்த ஆண்டு எந்த முதலாளி பணம் கட்டினான் என்ற கணக்கை எடுத்துவந்த பிறகுதான் காரியம் நடந்தது. அதற்கு 11 மாதம் ஆனது. அந்தப் 11 மாதமும் அத்தை வீட்டு அடுப்பு எரிந்தது அக்கம்பக்கத்தார் தயவில். காகிதம் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று கண்ணால் பார்த்தோம். 18 வயதில் சங்கத்து ஆபீஸ் படியை முதன்முதலாக மிதித்ததும் அந்த அத்தைக்குத் துணையாகத்தான்.

கடைசி நாட்கள்

லயத்தை இடித்தார்கள். 2000ல் மலிவு விலை அடுக்கு வீட்டில் நாலாவது மாடிக்குக் குடிபோனோம். பெட்டியைத் தாமே தலையில் வைத்துக்கொண்டு படியேறினார் தாத்தா. யாரையும் தொட விடவில்லை. மண்ணில் நடந்த மனுசனுக்குச் சிமெண்டுத் தரை ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பால் வாளி ஒன்றில் மண் போட்டுக் கறிவேப்பிலை வைத்து, காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பசியாறுவார். 2004ல் தம்பி இறந்த செய்தி வந்தது. அன்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "சாவுப் பத்திரம் எடுத்தாங்களான்னு போன் போட்டுக் கேளுடா" என்றார். எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.

2017ல், 91 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். ஐந்து பிள்ளைகள், பதினான்கு பேரப்பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று படிக்கட்டு முழுக்க உறவு. யார் கூட்டி வந்தது இத்தனை பேரை? 17 வயதில் காண்டாவைத் தோளில் தூக்கிய அந்த ஒரே மனுசன்தான்.

அவர் இறப்புப் பத்திரத்தை வாங்கி வந்து அவர் உறையில் வைத்தோம். அப்போது பாட்டனார் பெயர் போட்ட உறையைத் திறந்து பார்த்தோம். நாம் சின்ன வயதில் எழுதிக் கொடுத்த அதே உறை. முப்பது வருடமாகியும் உள்ளே ஒன்றும் இல்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

குடும்பத்தின்மேல் பாசம் இல்லாத மனுசன் தோட்டத்தில் யார் இருக்கிறார்? எல்லாரும் பாடுபடுகிறோம். ஆனால் பட்ட பாட்டுக்கு அத்தாட்சி வைத்துக்கொள்வதும் பாசத்தில் சேர்ந்ததுதான் என்பதை எங்கள் தாத்தாவிடம் கற்றுக்கொண்டோம். அவர் பேரப்பிள்ளைகளை அள்ளிக் கொஞ்சியதாக எங்களுக்கு அதிகம் ஞாபகமில்லை. எங்கள் காகிதங்களுக்கு வருடம் தவறாமல் வெயில் காட்டியது நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஆகவே சொல்கிறோம். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை வையுங்கள். சேமநிதிக் கணக்கை இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். பிள்ளை பிறந்த கையோடு பதிவு செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இந்த நாட்டிலேயே பிறந்தும் பத்திரம் இல்லாததால் நீல அடையாள அட்டை இல்லாமல் நிற்கிற பிள்ளைகளை நாம் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு நாள் கூலி போகும் என்று பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே எழுதிய அண்ணன் தம்பி கதையே போதும்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருடம், எந்தத் தோட்டம், எத்தனை மரம், கூட வேலை செய்தது யார், சயாமுக்குப் போனது யார், ஊருக்குத் திரும்பியது யார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள். 61 வயதில் முடிந்தது என்றால் எந்த வயதிலும் முடியும்.

நாம் முதலில் சொன்ன அந்த அம்மாவுக்குச் சேமநிதிக் கணக்கு எடுக்க மனுச் செய்திருக்கிறோம். அவர் மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். போன வாரம் போனபோது, பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவித் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். "எதுக்கு தங்கச்சி?" என்று கேட்டோம். "அம்மாவோட இந்த மாசச் சீட்டு வைக்க, அண்ணே" என்றாள்.

அடுத்த வாரம் மருத்துவ விடுப்பு விவகாரத்தோடு சந்திப்போம். வணக்கம்.